தையலியந்திரத்தின் கதை: சிங்கர் கொம்பனியின் எழுச்சியும் தளர்ச்சியும்

அரசர்தம் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் மாத்திரமே வரலாறு எனக் கொண்ட காலம் கழிந்துவிட்டது. மக்கள் தம் இல்லங்களிற் பயன்படுத்திய பொருள்களும், அவற்றை ஆக்கியோரும் விற்றோரும் அடைந்த இலாப நட்டங்களும் வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியனவே. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் யன்னலோரத்தில் மரப்பெட்டியால் மூடப்பட்ட தையலியந்திரமொன்றை இன்றுங் காணலாம். கரிய இரும்பின்மீது பொன்னெழுத்துக்களாற் 'சிங்கர்' எனப் பொறிக்கப்பட்ட அவ்வியந்திரம், பாட்டியிடமிருந்து பேர்த்தியின் கைக்கு வந்த பின்னரும் பழுதின்றித் தைக்கின்றது. அதனை ஆக்கிய கொம்பனியோ 1999ஆம் ஆண்டிற் கடனிறுக்க மாட்டாது நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. பொருள் நிலைத்தது, பொருளை ஆக்கியோர் தளர்ந்தனர். இஃது எவ்வாறு நேர்ந்தது என்னும் வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டுக்குரிய இயந்திரங்களை ஆக்குவோரை எக்காலத்தும் நான்கு இடர்கள் சூழ்கின்றன. ஒன்று, பிறர் அப்பொருளைப் பார்த்து அவ்வாறே செய்து குறைந்த விலைக்கு விற்றல். இரண்டு, பொருளை விரும்பும் குடும்பத்தினிடம் அதன் முழு விலை கையில் இல்லாமை. மூன்று, பொருள் நெடுங்காலம் உழைப்பதால் ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்காமை. நான்கு, அரசியல் மாற்றம், நாணய வீழ்ச்சி, இறக்குமதித் தடை முதலிய, ஆக்குவோனின் கைக்கு எட்டாத காரணங்கள். குளிர்ப்பெட்டியாயினும் சலவையியந்திரமாயினும் இவ்விடர்களினின்று தப்புவதில்லை. இவற்றையெல்லாம் முதன்முதலிற் பேரளவில் எதிர்கொண்டது தையலியந்திரக் கைத்தொழிலே. ஆதலின் அதன் வரலாறு ஏனையவற்றின் வரலாற்றுக்கும் திறவுகோலாக அமைகின்றது.

தையலியந்திரம் ஒருவரால் மாத்திரம் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பிரான்சு தேசத்துத் தையற்காரரான பார்த்தலமி திமோனியே என்பவர் 1830ஆம் ஆண்டிலேயே ஓரியந்திரத்துக்கு உரிமை பெற்று, பாரிசு நகரிற் படைவீரருக்கான உடைகளைத் தைப்பித்தார். தம் பிழைப்புக்குக் கேடு வருமென அஞ்சிய தையற்காரர் 1831ஆம் ஆண்டில் அவ்வியந்திரங்களை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857ஆம் ஆண்டில் வறியவராகவே இறந்தார். அமெரிக்காவில் எலியாஸ் ஹௌ என்பவர், முனையிலே துளையுடைய ஊசியையும் நாடாவையுங் கொண்டு இரு நூல்களைப் பிணைத்துத் தைக்கும் முறைக்கு 1846ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்றார். பின்னர் 1850ஆம் ஆண்டிற் பொஸ்டன் நகரப் பட்டறையொன்றிற் பழுதடையும் தையலியந்திரங்களைக் கண்ட ஐசாக் மெரிட் சிங்கர், அவற்றின் குறைகளை நீக்கி, நிமிர்ந்து நின்று மேலுங்கீழும் இயங்கும் ஊசியையுடைய இயந்திரத்தை அமைத்தார். 1851ஆம் ஆண்டில் அவருக்கும் ஆக்கவுரிமை கிடைத்தது.

ஆக்கவுரிமை பெற்றோர் பலராக, வழக்குகளும் பலவாயின. ஹௌ தொடுத்த வழக்கிற் சிங்கர் தோல்வியுற்று 1854ஆம் ஆண்டில் 15,000 டொலர் கொடுக்க நேர்ந்தது. ஒருவர் உரிமையை மற்றவர் மீறாமல் எவரும் நல்லதோர் இயந்திரத்தைச் செய்ய இயலாத நிலை உண்டாயிற்று. வழக்கறிஞருக்கன்றி வேறெவருக்கும் இலாபமில்லை என்பதை உணர்ந்த ஹௌவும், சிங்கர் உட்பட்ட மூன்று கொம்பனிகளும் 1856ஆம் ஆண்டிலே தம் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்தனர். அக்கூட்டின் அனுமதியோடு இயந்திரம் செய்த ஒவ்வொருவரும் இயந்திரமொன்றுக்கு 15 டொலர் செலுத்த வேண்டியதாயிற்று. போட்டியென்னும் முதலாம் இடருக்கு அவர்கள் கட்டிய அணை இதுவேயாம். ஆயினும் சட்டத்தின் துணை காலவரையறைக்குட்பட்டது. 1877ஆம் ஆண்டில் இறுதி உரிமையுங் காலாவதியாகக் கூட்டுங் கலைந்தது. சிங்கர் கொம்பனி தன் இயந்திரங்களின் விலையை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. ஆயினும் அது வீழவில்லை, முன்னிலும் பெருகியது. அதற்குக் காரணம் இயந்திரத்தின் அமைப்பில் அன்று, விற்பனையின் அமைப்பிலேயே உள்ளது.

அவ்வமைப்பை வகுத்தவர் சிங்கர் அல்லர். அவருடைய பங்காளியான எட்வேட் கிளார்க் என்னும் வழக்கறிஞரே. இயந்திரத்தின் விலை நூறு டொலருக்கு மேற்பட்டிருந்த அக்காலத்திற் சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 500 டொலரே எனக் கூறுவர். வீட்டிலுள்ள பெண் உழைத்தால் அவ்விலையைச் சில ஆண்டுகளில் மீட்டுவிடலாம். ஆனால் உழைப்பதற்கு முன் இயந்திரம் வேண்டும், இயந்திரம் பெறுவதற்கு முன் பணம் வேண்டும். இச்சிக்கலை அவிழ்க்கக் கிளார்க் 1856ஆம் ஆண்டில் வாடகைக் கொள்வனவு முறையைப் புகுத்தினார். சிறிதளவு முற்பணத்தைக் கட்டி இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை மாதந்தோறுந் தவணையாகச் செலுத்தலாம். முழுத்தொகையும் தீரும்வரை இயந்திரம் கொம்பனிக்கே உரியது. 1855ஆம் ஆண்டில் 883 இயந்திரங்களை விற்ற கொம்பனி, 1856ஆம் ஆண்டில் 2,564 இயந்திரங்களை விற்றது. ஒரே ஆண்டில் விற்பனை ஏறத்தாழ மும்மடங்காயிற்று. இரண்டாம் இடர் இவ்வாறு நீங்கியது. ஆயினும் அந்நாள்தொட்டு இயந்திரம் ஆக்குவோன் கடன் கொடுப்போனுமாயினான் என்பதை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். இக்கதையின் முடிவு அவ்விடத்திலேயே வித்திடப்பட்டது.

மூன்றாம் இடரையுங் கிளார்க் மறந்தாரில்லை. எந்தக் கொம்பனியின் பழைய இயந்திரத்தைக் கொண்டுவரினும், புதியதன் விலையில் 50 டொலர் கழிக்கப்படும் என அறிவித்தார். அவ்வாறு வந்த பழையவை மீண்டும் விற்பனைக்கு வாராவண்ணம் அழிக்கப்பட்டன. நெடுங்காலம் உழைக்கும் பொருளைச் செய்பவனுக்கு அவனுடைய பழைய பொருளே போட்டியாக வந்து நிற்கும் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறில்லை. அன்றியும், சமய குருமாருக்கு அரை விலையில் இயந்திரங்களை அளித்து, அவர்தம் சபையினர் வாயிலாகப் பிற குடும்பங்களின் நம்பிக்கையையும் பெற்றார். காட்சிச்சாலைகளில் இளம்பெண்கள் அமர்ந்து தைத்துக் காட்டினர். பெண்களால் இயந்திரத்தை இயக்கவியலாது என எண்ணியவர்களுக்கு அக்காட்சியே மறுமொழியாயிற்று.

இங்கே ஓருண்மை கவனிக்கத்தக்கது. அக்காலத்திற் போட்டியிட்ட வீலர் அன் வில்சன் கொம்பனி, ஒன்றற்கொன்று மாற்றத்தக்க உறுப்புக்களை இயந்திரங்களின் துணைகொண்டு நுட்பமாகச் செய்தது. சிங்கர் கொம்பனியோ நெடுங்காலமாக உறுப்புக்களை அரத்தால் அராவிக் கையாற் பொருத்தும் பழைய முறையையே பின்பற்றியது. ஆக்கும் முறையிற் பின்தங்கியிருந்தும் சிங்கர் 1867ஆம் ஆண்டளவில் விற்பனையில் அக்கொம்பனியை முந்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனையே விலைக்கு வாங்கியும் விட்டது. வீடு தேடிச் செல்லும் முகவர், தைக்கக் கற்பிக்கும் ஆசிரியை, பழுது பார்க்கும் தொழிலாளி, தவணை பெறும் கணக்காளர் ஆகிய இவர்களைக் கொண்ட கிளைகளே அதன் இலாபத்துக்கு ஊற்றாயின. இரும்பு எவரிடத்தும் உண்டு; குடும்பத்தின் நம்பிக்கை எவரிடத்தும் இல்லை.

இவ்வாறு பெருகிய கேள்வியை நிறைவேற்றப் பெருந்தொழிற்சாலைகள் வேண்டியிருந்தன. ஸ்கொத்லாந்திற் கிளாஸ்கோ நகருக்கு அண்மையிலுள்ள கிளைட்பாங்கில் 1885ஆம் ஆண்டிற் பெருந்தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. உயர்ந்த மணிக்கூட்டுக் கோபுரத்தையும் தனக்கென ஒரு புகையிரத நிலையத்தையுங் கொண்டிருந்த அத்தொழிற்சாலையினின்று 1913ஆம் ஆண்டில் ஏறத்தாழ 13 இலட்சம் இயந்திரங்கள் வெளிச்சென்றன. எனினும் இப்பெருக்கத்துக்கு விலை கொடுத்தோரும் உளர். 1911ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இயந்திரப் பெட்டிகளை மெருகிடும் பெண்கள் சிலருக்குக் குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதலான வேலை செய்யும்படி கட்டளையிடப்பட, அவர்கள் வேலையை நிறுத்தினர். அவர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ 11,000 தொழிலாளர் வெளியேறினர். சில வாரங்களில் வேலைநிறுத்தம் முறிந்தது. முன்னின்றோர் பலர் வேலையிழந்தனர். உலகப் பெண்களின் உழைப்பை இலகுவாக்கிய இயந்திரம், அதனை மெருகிட்ட பெண்களின் உழைப்பைக் கடினமாக்கியது என்பது வரலாறு நமக்குக் காட்டும் முரண்பாடாகும்.

கிளைட்பாங்கிலிருந்து சென்ற இயந்திரங்கள் கீழைத்தேயங்களையும் அடைந்தன. ஆக்கவுரிமைக் கூட்டுக் கலைந்த அதே 1877ஆம் ஆண்டிலேயே சிங்கர் கொம்பனி இலங்கையிலும் தன் விற்பனையைத் தொடங்கியது. மின்சாரம் இல்லாத ஊர்களிலும் கையாற் சுழற்றியோ காலால் மிதித்தோ இயக்கத்தக்கதாயிருந்தமையால், புகைவண்டி செல்லாத கிராமத்துக்கும் இவ்வியந்திரம் சென்றது. கணவனை இழந்த பெண்ணொருத்தி பிறர் கையை எதிர்பாராது பிள்ளைகளைப் படிப்பிக்க அது துணைசெய்தமையை நம்மவரிற் பலர் தம் குடும்பத்திலேயே அறிந்திருப்பர்.

இயந்திரங்களைப் பொதுவாக ஐயுற்ற காந்தியடிகளும் இதற்கு விலக்களித்தார். 1924ஆம் ஆண்டிற் சாந்திநிகேதன் மாணவராகிய இராமச்சந்திரன் என்பவருடன் உரையாடியபோது, பயனுள்ள சில கண்டுபிடிப்புக்களுள் சிங்கர் தையலியந்திரமும் ஒன்றெனக் கூறிய அவர், தம் மனைவி கையாற் தைத்து வருந்துவதைக் கண்ட சிங்கர் அன்பினால் அதனை ஆக்கினார் எனவும் குறிப்பிட்டார். வரலாறு இதற்கு இடந்தருவதாக இல்லை. வறுமையுற்ற மனைவி தைத்துக் குடும்பத்தைக் காத்த செய்தி ஹௌவின் வாழ்க்கைக்கே உரியது. சிங்கரை ஊக்கியது பொருளீட்டும் ஆசையே. ஆயினும் அம்மாணவர் தொடுத்த அடுத்த வினாவே நமக்கு இன்றியமையாதது. தையலியந்திரங்களை ஆக்குதற்குப் பெருந்தொழிற்சாலை வேண்டுமன்றோ என அவர் வினவ, காந்தியடிகள் அதனை ஒப்புக்கொண்டு, அத்தகைய தொழிற்சாலைகள் அரசுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருத்தல் வேண்டும் என்றார். இல்லத்துக்கு நன்மை பயக்கும் பொருளை இலாபத்தையே நோக்காகக் கொண்டோரிடம் விட்டுவிடலாமா என்பது அன்றுபோல் இன்றும் விடை தேடும் வினாவாகும்.

நான்காம் இடர் முதலிற் கடுமையாகத் தாக்கியது இரசியாவிலேயாம். மொஸ்கோவுக்கு அருகிலுள்ள பொதோல்ஸ்க் என்னும் ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கொம்பனி தொழிற்சாலை அமைத்திருந்தது. முதலாம் உலகப் போருக்கு முன் கொம்பனியின் மிகப் பெரிய சந்தைகளுள் இரசியாவும் ஒன்று. 1917ஆம் ஆண்டுப் புரட்சியின் பின் அத்தொழிற்சாலை அரசுடைமையாயிற்று. உழவர் குடும்பங்களுக்குத் தவணையிற் கொடுத்த இயந்திரங்களின் நிலுவையும் மீளவில்லை. இந்தியாவிலோ 1930களிற் கல்கத்தாவில் உள்நாட்டு முயற்சியாக 'உஷா' தையலியந்திரம் தோன்றி, விடுதலைக்குப் பின் அரசின் பாதுகாப்புடன் சந்தையைத் தனதாக்கிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரின் பின் முதலாம் இடர் புதிய உருவில் திரும்பி வந்தது. யப்பானியர் சிங்கரின் பழைய அமைப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு, உறுப்புக்களின் அளவுகளை நாடு முழுவதற்கும் ஒரே தரமாக்கினர். சிறு பட்டறைகள் பல தனித்தனி உறுப்புக்களைச் செய்ய, வேறு சில அவற்றைப் பொருத்தி அமெரிக்காவுக்கு அனுப்பின. அங்குள்ள வணிகர் தாம் விரும்பிய பெயரை அவற்றிற் பொறித்துக் குறைந்த விலைக்கு விற்றனர். இத்தாலியிலிருந்து வந்த 'நெக்கி' இயந்திரமோ நேராகத் தைப்பதோடமையாது வளைந்து வளைந்துந் தைத்தது. தன் பெயரில் நம்பிக்கை வைத்திருந்த சிங்கர் கொம்பனி விழித்தெழத் தாமதித்தது. அதற்குள் மேலைநாடுகளில் ஆயத்த ஆடைகள் மலிந்தன. பெண்கள் வெளியிற் சென்று தொழில் புரிந்தனர். வீட்டிலே தைப்போர் தொகை குறைந்தது.

இந்நிலையிற் கொம்பனியின் தலைவர்கள் வேறு தொழில்களை நாடினர். 1963ஆம் ஆண்டிற் கணக்கிடும் பொறிகளைச் செய்யும் பிரைடன் கொம்பனியையும், 1968ஆம் ஆண்டில் விமானப் பயிற்சிக் கருவிகளைச் செய்யும் ஜெனரல் பிரிசிஷன் கொம்பனியையும் வாங்கினர். தையலியந்திரத்தில் ஈட்டிய பணம் தாம் நன்கறியாத தொழில்களிற் புகுந்தது. பிரைடன் செய்த பொறிகளை விரைவில் மின்னணுக் கணக்குப் பொறிகள் பழமைப்படுத்தின. 1975ஆம் ஆண்டிற் கொம்பனி 45 கோடி டொலருக்கு மேற்பட்ட நட்டத்தை அறிவித்தது. கிளைட்பாங் தொழிற்சாலையின் மணிக்கூட்டுக் கோபுரம் 1963ஆம் ஆண்டிலேயே இடிக்கப்பட்டிருந்தது. 1980ஆம் ஆண்டிலே தொழிற்சாலையும் மூடப்பட்டது. அவ்வேளை எஞ்சியிருந்த ஏறத்தாழ 3,000 தொழிலாளர் வேலையிழந்தனர். இன்று அவ்விடத்திற் பழைய பெயரைச் சுமந்து நிற்பது 'சிங்கர்' என்னும் புகையிரத நிலையமே. 1986ஆம் ஆண்டிலே தையலியந்திரப் பகுதி தனிக் கொம்பனியாகப் பிரித்துவிடப்பட்டது. சிங்கர் என்னும் பெயரோ தையலியந்திரமே செய்யாத தாய்க் கொம்பனியிடம் தங்கியது.

பிரித்துவிடப்பட்ட பகுதியை 1989ஆம் ஆண்டிற் செமி-டெக் குழுமம் வாங்கி, சிங்கர் என்னும் பெயரை அதற்கு மீண்டும் சூட்டியது. ஆசிய, தென்னமெரிக்க நாடுகளிற் கொம்பனிக்கு இருந்த கிளைகளும் தவணை முறையும் அக்குழுமத்தின் கண்ணிற் பெருஞ்செல்வமாகத் தோன்றின. தையலியந்திரத்தை நம்பி வாங்கிய குடும்பம் குளிர்ப்பெட்டியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் அதே கடையில் தவணைக்கு வாங்கும் என்னும் கணிப்புத் தவறன்று. சில காலம் அது பலித்தது. ஆனால் 1997ஆம் ஆண்டில் ஆசிய நாணயங்கள் வீழ்ந்தன. 1999ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பிரேசில் நாணயமும் வீழ்ந்தது. வாங்கியோர் உள்நாட்டு நாணயத்திற் தவணை செலுத்த, கொம்பனி வெளிநாட்டு நாணயத்திற் கடனிறுக்க வேண்டியிருந்தது. வேலையிழந்த குடும்பங்களின் தவணைகளும் தவறின. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்திற் கொம்பனி நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. 1856ஆம் ஆண்டிற் கொம்பனியை உயர்த்திய கடன்முறையே 143 ஆண்டுகளின் பின் அதனைத் தாழ்த்துதற்கும் ஒரு காரணமாயிற்று. முன்னைய காலத்தில் தவணைக்குப் பெற்ற பொருள் அத்தவணையைச் செலுத்தும் வருமானத்தைத் தானே ஈட்டித் தந்தது. தொலைக்காட்சிப் பெட்டி அவ்வாறு ஈட்டித் தருவதில்லை. இவ்வேறுபாடே இக்கட்டுரையாளன் வற்புறுத்த விரும்புவது.

நம் நாட்டின் கிளை வேறு வகையான இடர்களைக் கடந்தது. அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்ட 1960களில், உறுப்புக்களைக் கொணர்ந்து இங்கேயே தையலியந்திரங்களைப் பொருத்துவதற்கென 1963ஆம் ஆண்டில் உள்ளூர்க் கொம்பனியொன்று நிறுவப்பட்டது. 1977ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், முன்னர் தடையாற் காக்கப்பட்ட உள்ளூர் ஆக்கங்கள் பிறநாட்டுப் பொருள்களோடு போட்டியிட வேண்டியனவாயின. குளிர்ப்பெட்டிகளை இங்கே ஆக்க 1987ஆம் ஆண்டில் 'றெக்னிஸ்' என்னும் கொம்பனி தோன்றியது; ஆங்கிலத்திற் சிங்கர் என்னும் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதினால் அப்பெயர் கிடைக்கும். 2017ஆம் ஆண்டில் இலங்கைச் சிங்கர் கொம்பனியின் பெரும்பங்கை ஹேலீஸ் குழுமம் வாங்கியது. தாய்க் கொம்பனி சிதைந்தபோதும் இங்குள்ள கிளை நிலைத்தமைக்கு, ஊர்தோறும் கடை வைத்து வாங்குவோரை முகமறிந்து பழகிய வழக்கமும் ஒரு காரணம் எனலாம்.

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவது யாது? வீட்டியந்திரங்களை ஆக்குவோனுடைய இலாபம் இயந்திரத்தில் மாத்திரம் தங்கியிருப்பதன்று. உரிமைச் சட்டம் அவனைச் சில காலமே காக்கும். கடன் இருபுறமுங் கூருடைய வாள். பொருளின் உறுதி அவனுக்குப் புகழையுந் தரும், மறு விற்பனைக்குத் தடையையுந் தரும். இம்மூன்றாம் இடருக்கு அஞ்சியே பிற்காலத்து ஆக்குவோர் பலர் விரைவிற் பழுதடைவனவும் பழுது பார்க்கவியலாதனவுமாகிய பொருள்களைச் செய்யத் தலைப்பட்டனர் என மக்கள் முறையிடுகின்றனர். 2024ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் வீட்டியந்திரங்களைப் பழுது பார்க்கும் வசதியை ஆக்குவோர் அளித்தல் வேண்டும் எனச் சட்டமியற்றியமை, அம்முறையீடு வெறும் மனக்குறை அன்று என்பதற்குச் சான்றாகும்.

சிங்கர் கொம்பனி வளர்ந்த காலத்தில் அது விற்றதும், கற்பித்ததும், பழுது பார்த்ததும் ஒரே பொருளையே. அப்பொருளின்மீதும் அதனைப் பயன்படுத்திய பெண்ணின்மீதும் வைத்த கருத்தை அது எடுத்த நாளிலேயே தளர்ச்சி தொடங்கியது. நீதிமன்றத்துக்குச் சென்ற நாள் அத்தளர்ச்சி வெளிப்பட்ட நாளேயாம். நாளை வணிகத்திலும் கைத்தொழிலிலும் புகவிருக்கும் நம் மாணவர்கள், கணக்கேடுகளிற் காணாத இவ்வுண்மையையும் கருத்திற் கொள்வாராக. இன்று மாலை வீடு திரும்புகையில் யன்னலோரத்து மரப்பெட்டியைத் திறந்து பார்ப்பின், இவ்வரலாற்றின் முதற்சான்று அவர்கள் கண்முன்னேயே இருக்கும்.